வாட்டர்கலர் சேறாகாமல் வரைய: தாளின் ஈரம் பார்த்து வேலை செய்யும் முழு வழிகாட்டி

வாட்டர்கலரில் கை வைத்த எல்லோருக்கும் இது நடந்திருக்கும். அரை மணி நேரத்துக்கு முன்னால் வானம் பளிச்சென்று இருந்தது. கோபுரம் ஒரே வீச்சில் வந்து உட்கார்ந்திருந்தது. அப்புறம் ஓர் ஓரத்தை மட்டும் கொஞ்சம் சரிசெய்யலாம் என்று ஆரம்பித்து, அந்தத் திருத்தத்தையும் திருத்தி, கடைசியில் பழுப்பும் சாம்பலும் குழம்பிய ஒரு சோர்ந்த படம் மிஞ்சும். "கம்மியா தொடுங்க, சீக்கிரம் நிறுத்துங்க" என்பதுதான் இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை. அது பாதிதான் உண்மை.

19ஆம் நூற்றாண்டில் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலாளருக்காகச் சென்னை மாகாணத்துச் செடிகளை வரைந்த ரங்கையா, கோவிந்து ஆகியோரின் படங்களைப் பாருங்கள். எடின்பரோ தாவரவியல் பூங்காவின் சேகரிப்பில் இருக்கின்றன. ஒவ்வொரு இலையிலும் நரம்பு நரம்பாக வேலை இருக்கிறது, ஆனால் படம் களைத்துத் தெரியவில்லை. இன்னொரு பக்கம், பத்தே தீற்றலில் சேறாகிப்போன படங்களும் உண்டு. ஆக, எத்தனை முறை தொட்டோம் என்பது இரண்டாம் பட்சம். தாள் எந்த ஈரத்தில் இருக்கும்போது, எவ்வளவு ஈரமான பிரஷ்ஷோடு தொட்டோம் என்பதில்தான் படத்தின் கதி இருக்கிறது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே போகும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரு காட்சியை வைத்துக்கொள்வோம்: மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளம், காலை நேரம், மேற்குக் கரையிலிருந்து. சூரியன் கோயிலுக்குப் பின்னாலிருந்து ஏறும். பக்கத்தில் சிறிய மேற்குக் கோபுரம், அதற்குப் பின்னால் உயரமான கிழக்குக் கோபுரம், குளத்தின் நடுவே நீராழி மண்டபம், சுற்றிலும் படிக்கட்டு. வாட்டர்கலருக்கு இதைவிட நல்ல காட்சி கிடைப்பது கஷ்டம். அளவுக்கு மீறி வேலை செய்யத் தூண்டுவதிலும் இதை மிஞ்சிய காட்சி கிடையாது.

எது கெடுகிறது

வாட்டர்கலர் என்பது நிறமித் தூளும் கம் அராபிக் என்ற பிசினும் சேர்ந்தது. மெல்லிய பூச்சாக இருக்கும்போது வெளிச்சம் அதை ஊடுருவிப் போய், கீழே இருக்கும் வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. படத்தின் ஒளி முழுக்கத் தாளிலிருந்து வருவதுதான்.

இதை மூன்று விஷயங்கள் மறைக்கின்றன. ஒன்று, துகள்கள் மேல் துகள்களாகக் குவிந்து வெளிச்சத்தின் வழியை அடைத்துவிடுவது. இரண்டு, கீழே காய்ந்திருந்த வண்ணம் கரைந்து மேலே கலப்பது. கம் அராபிக் காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் இளகும், அதனால் தேய்க்கத் தேய்க்க அடிப்பூச்சு கிளம்பி வரும். மூன்று, தாளின் மேற்பரப்பே சிதைவது. தாள் வண்ணத்தை உடனே உறிஞ்சிவிடாமலிருக்க ஜெலட்டின் போன்ற ஒரு பசை பூசியிருப்பார்கள். இதற்கு சைசிங் என்று பெயர். ஈரத்தில் திரும்பத் திரும்ப உரசினால் அது போய்விடும், நார் கிளம்பும், அங்கே வைக்கும் எந்த வண்ணமும் ஆழத்தில் இறங்கி மங்கித் தெரியும். முதல் இரண்டுக்கும் ஓரளவு வைத்தியம் உண்டு. மூன்றாவதற்குக் கிடையாது.

அதிகம் பேசப்படாத இன்னொரு காரணம் இருக்கிறது: பயம். வாட்டர்கலர் காய்ந்ததும் வெளிறிப் போகும். ஈரத்தில் சரியாகத் தெரியும் நிறம் காய்ந்தபின் ஒரு படி குறைந்துவிடும். முதல் பூச்சைப் பயந்து பயந்து நீர்த்து வைத்தவர், காய்ந்ததும் "போதலையே" என்று இரண்டாவது, மூன்றாவது என்று போகிறார். நான் பார்த்த சேறான படங்களில் பெரும்பாலானவை அதீத ஆர்வத்தால் கெட்டவை அல்ல, பலவீனமான முதல் பூச்சால் கெட்டவை. எனவே ஈரத்தில் பார்க்கும்போது "கொஞ்சம் ஓவரா இருக்கே" என்று தோன்றும் அளவுக்கு வையுங்கள். ஓரத்தில் ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கலவையையும் அதில் ஒரு கோடு போட்டுக் காயவிட்டுப் பாருங்கள். இரண்டு வாரத்தில் கண்ணுக்கு அந்தக் கணக்கு பிடிபட்டுவிடும்.

தாள்: இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்

வண்ணமும் பிரஷ்ஷும் சுமாராக இருந்தாலும் சமாளிக்கலாம். தாள் சுமாராக இருந்தால் முடியாது. மரக்கூழ்த் தாள் நீரைச் சீராகப் பிடித்து வைக்காது. ஒரு இடம் சட்டென்று காயும், பக்கத்து இடம் குளமாக நிற்கும். இரண்டாவது பூச்சை வைத்தால் முதல் பூச்சு சுலபமாகக் கிளம்பிவிடும். 100 சதவீதக் காட்டன் தாள் ஈரத்தை உள்ளே வாங்கிச் சீராக விடும். அதனால் வேலை செய்ய அவகாசம் கிடைக்கும். முதல் பூச்சும் காய்ந்தபின் இருந்த இடத்தில் இருக்கும்.

எடை 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்), பரப்பு கோல்டு பிரஸ் (லேசான மேடு பள்ளம் உள்ளது). இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் ஆரம்பத்துக்குப் போதும். ஹாட் பிரஸ் வழவழப்பானது, செடி கொடி வரைவதற்கு நல்லது, ஆனால் அதில் பெரிய வாஷ் (பரந்த இடத்தில் ஒரே வீச்சாகப் பூசும் நீர்த்த வண்ணம்) போடுவது கடினம். ஆர்ச்சஸ், சாண்டர்ஸ் வாட்டர்ஃபோர்ட், ஃபேப்ரியானோவின் ஆர்ட்டிஸ்டிகோ ஆகியவை நம்பகமானவை, விலையும் அப்படியே. இந்தியாவில் ப்ரஸ்ட்ரோ, சித்ரபட் போன்ற பெயர்களிலும் காட்டன் தாள் கிடைக்கிறது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கையால் செய்யும் காகிதத் தொழிற்கூடம் 1959லிருந்து நடக்கிறது. கையால் செய்யும் காகிதம் எதுவானாலும் சைசிங் தாளுக்குத் தாள் மாறலாம், ஒரு துண்டில் சோதித்துவிட்டு வாங்குங்கள்.

முழுத் தாள் 22 × 30 அங்குலம். அதை நான்காக வெட்டினால் 11 × 15. அந்த அளவே பழகுவதற்குச் சரியானது. விலை உயர்ந்த ஒரு முழுத் தாளை வாங்கி நான்காக வெட்டிக்கொள்வது, அதே காசுக்குப் பெரிய மலிவு அட்டைப்புத்தகம் வாங்குவதைவிட நல்லது.

நம் ஊர் ஈரக்காற்றில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. தாளை வருடக்கணக்கில் பீரோ மேலே வைத்திருந்தால் சைசிங் செத்துப்போகும். வாஷ் போடும்போது திட்டுத் திட்டாக, ஊசியால் குத்தியதுபோல் கறுத்த புள்ளிகள் தெரிந்தால் அதுதான் அறிகுறி. என்ன திறமை இருந்தாலும் அந்தத் தாளில் பளிச்சென்ற படம் வராது. கரிக்கோடு வரைய வைத்துக்கொள்ளுங்கள். புதுத் தாளை ஜிப் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு, வெளிச்சுவரை ஒட்டாமல், படுக்கை வசத்தில் வையுங்கள். இன்னொன்று, தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு தாளைத் தொடாதீர்கள். விரல் பட்ட இடத்தில் வண்ணம் ஒட்டாமல் விலகும், அது வானம் பூசும்போதுதான் தெரியவரும்.

வண்ணமும் பிரஷ்ஷும், சுருக்கமாக

ஆறேழு வண்ணம் போதும்: லெமன் எல்லோ, எல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, குவினாக்ரிடோன் ரோஸ், அல்ட்ரமரைன், செருலியன் அல்லது கோபால்ட் நீலம். தாலோ நீலம் வேண்டுமானால் ஒரு துளி. குழாயின் மேல் சிறிய எழுத்தில் இருக்கும் நிறமிக் குறியீட்டைப் படித்து, ஒரே நிறமி உள்ளதாகப் பாருங்கள். அல்ட்ரமரைன் என்றால் பி.பி. 29 மட்டும், பர்ன்ட் சியன்னா என்றால் பி.பி.ஆர். 7 மட்டும் என்பதுபோல. ஒரு குழாயிலேயே மூன்று நிறமி இருந்தால், இரண்டு குழாயைக் கலக்கும்போதே ஆறு நிறமி சேர்ந்துவிடும். சேறு அங்கேயே ஆரம்பம்.

கலவையை இரண்டு வண்ணத்தோடு நிறுத்துவது நல்லது, தேவைப்பட்டால் மூன்றாவது ஒரு சொட்டு. அல்ட்ரமரைனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் நீலச் சாம்பலிலிருந்து சூடான கருமைவரை எல்லாம் கிடைக்கும். கறுப்புக் குழாயே வேண்டாம். தட்டில் முழுக்கக் கலக்கி ஒரே நிறமாக்காமல், பாதி கலந்த நிலையில் எடுத்துத் தாளில் கலக்க விட்டால் உயிரோட்டம் இருக்கும்.

தட்டில் வண்ணம் எப்போதும் இளகி இருக்க வேண்டும். காய்ந்த கட்டியைத் தேய்த்துத் தேய்த்து எடுப்பவருக்கு அடர்த்தியான வண்ணம் கிடைக்கவே கிடைக்காது, அவர் படம் மூன்று பூச்சு கேட்கும். ஆரம்பிக்கும் முன் புதிதாகப் பிதுக்குங்கள். மிச்சம் வீணாகுமே என்ற கவலை படத்தை வீணாக்கிவிடும்.

பிரஷ்: தண்ணீர் நிறையப் பிடிக்கும் ஒரு மாப், 12ஆம் எண் ரவுண்ட், ஓர் அங்குல ஃபிளாட், மெல்லிய கோட்டுக்கு ஒரு ரிக்கர். எந்த இடத்துக்கு எந்த பிரஷ் தோன்றுகிறதோ, அதைவிட ஒரு அளவு பெரியதை எடுங்கள். சின்ன பிரஷ்களைக் கடைசிக் கட்டம்வரை பைக்குள்ளேயே வையுங்கள். கண் முன்னால் இருந்தால் கை போகும். தண்ணீர்க் குவளை இரண்டு, ஒன்று கழுவ, ஒன்று சுத்தமாக. பக்கத்தில் பழைய பருத்தி வேட்டித் துண்டு ஒன்று. இந்தத் துணிதான் உண்மையில் முக்கியமான கருவி. ஏன் என்று கீழே வருகிறது.

வரைவதற்கு முன் பத்து நிமிடம்

படம் வரையும்போது எடுக்க வேண்டிய முடிவு எவ்வளவு குறைவோ, அவ்வளவு குறைவாகக் கை தடுமாறும். தீப்பெட்டி அளவில் ஒரு சின்ன ஸ்கெட்ச் போடுங்கள். மூன்றே டோன் (வெளிச்ச-இருள் அளவு): தாளின் வெள்ளை, நடு, கருமை. தெப்பக்குளக் காட்சியில் காலை வானமும் அதன் பிரதிபலிப்பும் வெள்ளையை ஒட்டிய டோன். கோபுரங்கள், மரங்கள், கட்டடங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே நடு டோன். மண்டபத்தின் உள்நிழல், கரையோர ஆட்கள், படிக்கட்டின் சில பிளவுகள் மட்டும் கருமை.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். கோபுரத்தில் நூற்றுக்கணக்கான சுதைச் சிற்பங்கள் இருக்கின்றன என்று நமக்குத் தெரியும். தெரிந்ததை வரையக் கை துடிக்கும். ஆனால் காலையில் மேற்குக் கரையிலிருந்து பார்த்தால் வெளிச்சத்துக்கு எதிரில் அது ஒரு நிழலுரு. கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள், சிற்பம் எதுவும் தெரியாது. வெளிக்கோடு மட்டும் முறிந்து முறிந்து ஏறும், உச்சியில் கலசங்கள் தெரியும். அந்த விளிம்பைச் சரியாகப் பிடித்தாலே பார்ப்பவர் சிற்பங்களைத் தானே நிரப்பிக்கொள்வார். சிற்பங்களைத்தான் வரைய வேண்டும் என்றால் மாலையில் வாருங்கள், மேற்கு வெயில் முகத்தில் அடிக்கும். அது வேறு படம்.

பிறகு மூன்று கேள்விகளுக்குப் பென்சிலில் பதில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த இடத்தை வெள்ளையாக விடப்போகிறேன்? எந்த விளிம்பு மென்மை, எது கூர்மை? எது கடைசியில்? வரையும் நடுவில் குழம்பினால் இந்தக் காகிதத்தைப் பாருங்கள், படத்தைப் பார்த்து யோசிக்காதீர்கள். பென்சில் கோடு 2பி-யில் லேசாக இருக்கட்டும். ரப்பரால் அதிகம் அழித்தாலும் தாளின் மேற்பரப்பு போகும்.

ஈரத்தின் ஐந்து நிலைகள்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படித்தாலும் தப்பில்லை.

தாளைச் சாய்த்து, வெளிச்சம் பட்டுத் தெறிக்கும்படி பக்கவாட்டில் பாருங்கள். முதல் நிலையில் தண்ணீர் குளமாக நிற்கும். இப்போது வண்ணம் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பலகையைச் சாய்த்து ஓடவிடலாம், உருவம் எதுவும் வைக்க முடியாது. ஓரத்தில் தேங்கும் நீரைப் பிழிந்த பிரஷ்ஷால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். விட்டால் அது பின்னால் திரும்பி ஊர்ந்து வந்து படத்தைக் கெடுக்கும்.

இரண்டாம் நிலையில் குளம் வடிந்து, பரப்பு முழுக்கச் சீரான பளபளப்பு. வானம், மேகம், மங்கிய தூரத்து மரங்கள் எல்லாம் இங்கே. வண்ணம் பரவும், ஆனால் வரம்புக்குள் பரவும். தைரியமாக வேலை செய்ய வேண்டிய நேரம் இதுதான். திருத்தங்கூட இங்கே செய்யலாம், தாள் மன்னிக்கும்.

மூன்றாம் நிலையில் பளபளப்பு மங்கத் தொடங்கும், பட்டுத்துணியின் மினுமினுப்பு போல. இப்போது வைக்கும் உருவம் மென்மையான விளிம்போடு அப்படியே நிற்கும். வாட்டர்கலரின் மிக அழகான விளைவுகள் கிடைப்பது இந்த ஓரிரு நிமிடத்தில்தான். ஆபத்தும் இங்கேதான். பிரஷ்ஷில் இருக்கும் வண்ணம் தாளைவிட ஈரம் குறைவாக இருக்க வேண்டும். அடர்த்தியான வண்ணத்தை எடுத்து, பிரஷ்ஷின் அடிப்பகுதியை வேட்டித் துண்டில் ஒரு முறை ஒற்றிவிட்டு வையுங்கள். ஒற்றாமல் வைத்தால் அதிகப்படித் தண்ணீர் அங்கிருக்கும் துகள்களைத் தள்ளிக்கொண்டு போய், சுருள் சுருளான விளிம்போடு ஒரு கறை விழும். அதைக் காலிஃபிளவர் என்பார்கள்.

நான்காம் நிலையில் பளபளப்பு இல்லை, ஆனால் புறங்கையால் தொட்டால் குளிர்ச்சி. இப்போது கையைக் கட்டிக்கொள்ளுங்கள். மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் இந்தத் தாளில் எதை வைத்தாலும் அடிப்பூச்சு கிளம்பும், திட்டாகும். படங்கள் சாகும் நேரம் பெரும்பாலும் இதுதான். ஏனென்றால் பார்வைக்குக் காய்ந்ததுபோலத் தெரியும், வரைபவருக்கும் பொறுமை தீர்ந்திருக்கும். எழுந்து போய் டீ குடியுங்கள்.

ஐந்தாம் நிலையில் குளிர்ச்சி போய்விட்டது. அடுத்த பூச்சை வைக்கலாம், கூர்மையான விளிம்பு கிடைக்கும்.

வண்ணத்தின் அடர்த்தியையும் இதோடு பொருத்திக்கொள்ளலாம். உலர்ந்த தாளில் முதல் வாஷ் நீர்மோர் பதத்தில், இரண்டாம் நிலையில் மோர் பதத்தில், மூன்றாம் நிலையில் தயிர் பதத்தில். நனைத்த தாள் காயக் காய பிரஷ்ஷில் தண்ணீர் குறைய வேண்டும், வண்ணம் கூட வேண்டும். இது ஒன்று கையில் வந்துவிட்டால் பாதிச் சேறு தானாகவே நின்றுவிடும்.

நம் தட்பவெப்பத்தில் இந்த நிலைகளின் வேகம் மாறிக்கொண்டே இருக்கும். மே மாதம் வெளியில் உட்கார்ந்தால் இரண்டாம் நிலை கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். அப்போது தாளின் இரண்டு பக்கத்தையும் நன்றாக நனைத்து, அக்ரிலிக் பலகையின் மேல் ஒட்டவைத்தால் அவகாசம் நீளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நான்காம் நிலை முடியவே முடியாது. ஹேர் டிரையர் உதவும், ஆனால் பளபளப்பு போன பிறகுதான், ஓரடி தள்ளி, அசைத்துக்கொண்டே. ஈர வண்ணத்தின் மேல் காற்றை அடித்தால் அது வண்ணத்தைத் தள்ளிக் கோடு போட்டுவிடும். வாஷ் போடும்போது மின்விசிறியை நிறுத்துவதும் அதே காரணத்துக்காகத்தான். வியர்த்தால் வியர்க்கட்டும்.

தெப்பக்குளத்தை வரைவோம்

1. வானமும் தண்ணீரும் ஒரே மூச்சில். தாளை நனைத்து இரண்டாம் நிலைக்கு வரவிடுங்கள். சூரியன் இருக்கும் பக்கம் எல்லோ ஓக்கரும் ஒரு துளி ரோஸும், மேலே போகப் போக செருலியன். கோபுரம் வரும் இடத்தைச் சுற்றி வளைத்துப் பூசாதீர்கள், அதன் மேலேயே போகட்டும். குளத்தில் அதே நிறங்களைத் தலைகீழ் வரிசையில், ஒரு படி கூடுதல் அடர்த்தியோடு. தண்ணீர்ப் பரப்பில் ஒன்றிரண்டு கிடைக்கோடுகளை மட்டும் ஆரம்பத்திலேயே நனைக்காமல், காய்ந்த வெள்ளையாக விடுங்கள். மூன்று, நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிட வேண்டும். முடிந்ததும் பிரஷ்ஷைக் கீழே வையுங்கள். வானத்தில் ஒரு சின்னக் குறை தெரியும். காய்ந்தபின் அது தெரியாது, அல்லது மேகமாகிவிடும்.

2. முழுக்கக் காயட்டும். ஐந்தாம் நிலை. இடையில் அடுத்த கலவைகளைத் தட்டில் தயார் செய்யுங்கள். நிறையச் செய்யுங்கள். பாதியில் தீர்ந்துபோய் மறுபடி கலக்கும்போது தாளில் விளிம்பு காய்ந்துவிடும், அந்தக் கோட்டை மறைக்க ஆரம்பிப்பதுதான் அடுத்த சேறு.

3. நடு டோன் முழுவதையும் இணைந்த ஒரே உருவமாக. பின்னாலிருக்கும் கிழக்குக் கோபுரத்தை அல்ட்ரமரைன், ரோஸ், கொஞ்சம் பர்ன்ட் சியன்னா சேர்ந்த வெளிறிய ஊதாவில் உச்சியிலிருந்து தொடங்குங்கள். சூரியனை ஒட்டிய விளிம்பில் தண்ணீர் மட்டும் தொட்டு வெளிச்சத்தில் கரையவிடுங்கள். காயும் முன் கீழே இறங்கி மேற்குக் கோபுரத்துக்கு வரும்போது பர்ன்ட் சியன்னாவைக் கூட்டுங்கள். தென்னை, கூரைகள், மதில் எல்லாம் அதே ஈர ஓட்டத்தில், பிரஷ்ஷை எடுக்காமல், நிறத்தை மட்டும் மாற்றி மாற்றி. பொருளுக்குப் பொருள் தனித்தனியாக நிரப்பினால் ஒட்டுவேலை போலத் தெரியும். ஒவ்வொரு தீற்றலும் ஒரு முறைதான். பிரஷ்ஷின் நுனி அல்ல, வயிற்றுப்பகுதி தாளில் படட்டும், அழுத்தம் வேண்டாம்.

4. அது மூன்றாம் நிலையில் இருக்கும்போது, தயிர்ப் பதத்தில் நாலைந்து இடம் மட்டும்: கோபுர நிலைகளுக்கு இடையிலான நிழல், மரத்தின் அடி. ஒற்றிய பிரஷ். வைத்துவிட்டு விலகுங்கள்.

5. பிரதிபலிப்பு. நடு டோன் காய்ந்தபின், அதே கலவையை நீர்த்து, ஃபிளாட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக இழுங்கள். கீழ் விளிம்பை உடைத்து விடுங்கள். ஒரே பூச்சு. தண்ணீரில் விளிம்புகள் தெளிவில்லாமல் இருப்பதே இயல்பு, அதைச் சீர்செய்ய உட்கார வேண்டாம்.

6. படிக்கட்டு. அத்தனை படியையும் எண்ணி வரைந்தால் படம் கோடு போட்ட நோட்டுப்புத்தகமாகிவிடும். வெளிறிய சூடான சாம்பலில் ஒரு வாஷ். காய்ந்ததும் ஏறக்குறைய உலர்ந்த பிரஷ்ஷைப் படுக்கவைத்து மூன்று நான்கு இழுப்பு. கோல்டு பிரஸ் தாளின் மேடு பள்ளம் மற்ற படிகளைச் செய்து கொடுத்துவிடும்.

7. இப்போதுதான் சின்ன பிரஷ். நீராழி மண்டபத்தின் தூண்களுக்கு இடையிலான கருமை, கரையில் இரண்டு மூன்று ஆட்கள், கலசங்கள், ஒரு மின்கம்பி. படத்தின் மிகக் கருத்த இடமும் மிக வெளுத்த இடமும் அருகருகே வருவது மண்டபத்தில் மட்டும் இருக்கட்டும், கண் அங்கே போய் நிற்கும்.

நடுவில் நிறுத்திப் பார்ப்பது

மூன்றாவது படி முடிந்ததும் கட்டாயம் ஒரு இடைவெளி. படத்தைச் சுவரில் சாய்த்து வைத்து, ஏழெட்டு அடி தள்ளி நின்று பாருங்கள். போனில் ஒரு படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் டோன் பிரச்சினை உடனே தெரிந்துவிடும். பெரும்பாலும் குறை டோனில்தான் இருக்கும், நாமோ நிறத்தை நோண்டிக்கொண்டிருப்போம். நான்கு பக்கமும் வெள்ளை அட்டைச் சட்டம் ஒன்றை வைத்துப் பார்ப்பதும் நல்லது. சட்டத்துக்குள் வைத்ததும் திடீரென்று படம் முடிந்ததுபோலத் தெரிந்தால், அது முடிந்துதான் விட்டது.

முடிந்ததா என்று சந்தேகம் வந்தால் ஒரே சோதனை: அடுத்த தீற்றல் எங்கே, என்ன நிறம், எதற்கு என்று வாயால் சொல்ல முடிகிறதா? "கோபுரத்தின் இடது அடிவாரம் தண்ணீரோடு பிரிந்து தெரியவில்லை, அங்கே ஒரு கருமை வேண்டும்." சரி, வையுங்கள். "என்னவோ குறையுது" என்பது மட்டும்தான் பதில் என்றால், பிரஷ்ஷைக் கழுவிவிடுங்கள். மறுநாள் காலை பாருங்கள். அன்றும் குறை தெரிந்து, அதற்குப் பெயரும் இருந்தால், முழுக்கக் காய்ந்த தாளில் செய்வது எப்போதும் பாதுகாப்பு.

கெட்டதைச் சரிசெய்ய

வாட்டர்கலரில் திருத்தவே கூடாது என்று ஒரு கட்சி உண்டு. அதை நான் ஏற்பதில்லை. ஆங்கில ஓவியர் டர்னர் ஈரத்தாளை நகத்தால் சுரண்டி வெளிச்சம் எடுத்தவர். அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் கத்தியால் சுரண்டினார். இன்னொரு அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட்டின் 83 வாட்டர்கலர்களை 1909ல் புரூக்ளின் அருங்காட்சியகம் ஒரே கையாக வாங்கியது. ஒரு மூச்சில் வரைந்ததுபோலத் தெரியும் அந்த மாதிரிப் படங்களில் மெழுகுத் தடுப்பும், சுரண்டலும், வெள்ளை கவாஷும் (அடியில் இருப்பதை மறைக்கும் நீர்வண்ணம்) சகஜமாகப் புழங்கின. பார்ப்பவருக்குப் புதிதாகத் தெரிந்தால் போதும், எப்படி வந்தது என்பது நம் வீட்டு விஷயம்.

காலிஃபிளவர் விழுந்தால் ஈரமாக இருக்கும்போது துரத்தாதீர்கள், பெரிதாகும். காயவிட்டு, ஈரமான மென்மையான பிரஷ்ஷால் அதன் கூரிய விளிம்பை மட்டும் வருடி, டிஷ்யூவால் ஒற்றுங்கள். தேய்க்காமல் ஒற்ற வேண்டும். வானத்தில் விழுந்தது பெரும்பாலும் மேகமாக நின்றுவிடும், விட்டுவிடலாம்.

ஒரு இடம் அதிகம் கறுத்துவிட்டால், அல்ட்ரமரைன், பர்ன்ட் சியன்னா போன்றவை ஓரளவு கிளம்பும். தாலோ நீலம், தாலோ பச்சை, குவினாக்ரிடோன் வகைகள் தாளைப் பற்றிக்கொண்டவை, எடுக்கப் போராடினால் தாள்தான் போகும். அப்படிப்பட்ட இடத்தில் சுற்றியிருப்பதைக் கொஞ்சம் கருமையாக்கினால் இது தானாக வெளிச்சமாகத் தெரியும். எடுப்பதைவிடச் சேர்ப்பது பல சமயம் சுலபம்.

விட மறந்த சின்ன வெள்ளைக்கு, தண்ணீர் மினுக்கம் போன்றவற்றுக்கு, முழுக்கக் காய்ந்த தாளில் பிளேடு நுனியால் ஒரு கீறல் போதும். அதன் மேல் மறுபடி வண்ணம் வைக்க முடியாது, எனவே இது கடைசி வேலை. கலசத்தின் ஒரு பொட்டு ஒளிக்கு வெள்ளை கவாஷில் ஒரு துளி ஓக்கர் கலந்து வைக்கலாம். பொட்டாக வைக்கும்வரைதான் அது சரி. அதை நீர்த்துப் பூசினால் சுண்ணாம்பு படிந்ததுபோல மங்கும்.

முழு வானமும் தோற்றுவிட்டால், நல்ல காட்டன் தாளாக இருந்தால், குளியலறைக் குழாயின் மெல்லிய தண்ணீரில் காட்டி, மென்மையான பஞ்சால் தடவிக் கழுவிவிடலாம். ஒரு வெளிறிய நிழல் மிஞ்சும், அதன் மேல் வரையும் படம் சில சமயம் முதலில் நினைத்ததைவிட நன்றாக வரும். மரக்கூழ்த் தாளில் இதைச் செய்யாதீர்கள், பிய்ந்துவிடும்.

கை பழக

ஒரே காட்சியை நான்கு கால்தாளில் வரையுங்கள். முதலாவது நேரக் கட்டுப்பாடு இல்லாமல். இரண்டாவது நாற்பது நிமிடத்தில். மூன்றாவது ஓர் அங்குல ஃபிளாட் பிரஷ் மட்டும் வைத்து. நான்காவது, இரண்டே வண்ணத்தில், அல்ட்ரமரைனும் பர்ன்ட் சியன்னாவும். நான்கையும் வரிசையாகச் சுவரில் ஒட்டிப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு மூன்றாவதுதான் பிடித்திருக்கும். ஃபிளாட் பிரஷ்ஷால் நோண்ட முடியாது என்பதைத் தவிர அதற்கு வேறு ரகசியம் இல்லை.

தனியாக ஈரப் பயிற்சிக்கு, ஒரு தாளில் ஐந்து கட்டம் நனைத்து, ஒவ்வொரு நிலை வரும்போதும் ஒரு கட்டத்தில் ஒரே வண்ணத்தால் ஒரே மாதிரி புள்ளி வையுங்கள். பக்கத்தில் எந்த நிலை, வைக்கும்வரை எத்தனை நிமிடம், மின்விசிறி ஓடியதா என்று குறித்துக்கொள்ளுங்கள். சித்திரையில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று செய்து பலகைக்கு மேலே மாட்டி வைத்தால், உங்கள் ஊருக்கும் உங்கள் தாளுக்குமான கால அட்டவணை கிடைத்துவிடும். தோற்ற படங்களைக் கிழிக்க வேண்டாம், இந்தப் பயிற்சிக்கெல்லாம் அவற்றின் பின்பக்கம் தாராளமாகப் போதும்.